மோதிர விரலுக்கு ஒரு துளை

ஆமத்தூர்,
3 ஜூன் 2025

'மூன்று துளை' கடைக்காரருக்கு,

வணக்கம். உங்கள் இணையதளத்தில் பதினொரு பவுண்டு பந்து, கரும்பச்சை நிறம் என்று ஆர்டர் போட்ட பா. மீனா நான்தான். "கையைப் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், போட்டோவில் அளவு பொய் சொல்லும். தாளில் கையை வைத்து வரைந்து, படிவத்தோடு தபாலில் அனுப்புங்கள்" என்று போட்டிருந்தீர்கள். அப்படியே செய்திருக்கிறேன். பென்சில் கோடு ஓர் இடத்தில் நடுங்கியிருக்கும். அது கை நடுங்கியதல்ல, மேஜை ஆடியது.

விருதுநகர் நாலுவழிச் சாலையில் போன வருடம் ஒரு பௌலிங் மையம் திறந்தார்கள், கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற விளையாட்டு. அங்கே வருகிறவர்களுக்கு ஷூ எடுத்துக் கொடுப்பதும், பந்துகளைத் துடைத்து அடுக்குவதும் என் வேலை. காலையில் மையம் திறக்குமுன் பந்து உருளும் மரப் பாதைக்கு எண்ணெய் பூசுவார்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க யாராவது பந்து உருட்ட வேண்டும். எங்கள் மேனேஜர் முத்துக்கருப்பன் சார்தான், "ஏம்மா, சும்மாதான நிக்க, ரெண்டு பந்து உருட்டு" என்றார். உருட்டினேன். எட்டு மாதமாக உருட்டுகிறேன். இப்போதெல்லாம் சார் என்னோடு டீக்குப் பந்தயம் கட்டுவதில்லை.

ஆகஸ்ட் 24 அன்று கோயம்புத்தூரில் ஒரு போட்டி. இந்த மாதிரி மையங்களில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும். எங்கள் மையத்தில் என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மையத்துப் பந்து என் கையில் நிற்பதில்லை. ஊருக்கே பொதுவாகத் தைத்த சட்டை யாருக்குச் சேரும்? மோதிர விரல் துளைக்குள் என் விரல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது, கையை விட்டுப் போகும்போது பந்து பக்கவாட்டில் நழுவுகிறது.

படிவத்தில் கேட்டவை: உருட்டும் கை வலது. விரல் வீங்குமா என்றால், மழை நாளில் கொஞ்சம். கையில் காயம் உண்டா, எப்படி ஏற்பட்டது என்ற இடத்தில் எழுதியிருக்கிறேன், பாருங்கள். வலது மோதிர விரலில் நகம் உள்ள கணு இல்லை. கதவு இடுக்கில் நசுங்கியது.

விரல் பருமனுக்கு மூன்று காகிதக் குழாய் வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் அளவு வளையம் இருக்கும், எங்கள் ஊரில் குழாய்தான் இருக்கும். வெடிக்குச் சுற்றுகிற அதே தாள், அதே பசை, நானே சுற்றியது. உள்ளே மருந்து இல்லை, பயப்பட வேண்டாம்.

உங்கள் வீடியோக்களில் முகத்தைக் காட்டாமல் கைகளை மட்டும் காட்டுகிறீர்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
பா. மீனா


பெங்களூரு,
12 ஜூன் 2025

திருமதி பா. மீனா அவர்களுக்கு,

தங்கள் கையின் வரைபடமும் குழாய்களும் கிடைத்தன. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் உள்ள தூரம் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளது. மோதிர விரலைப் பொறுத்தவரை

இதற்கு மேல் இந்த நடையில் எழுத வரவில்லை. மீனா, நீதான் என்று உறையைப் பிரித்தவுடன் தெரிந்துவிட்டது. முதலில் குழாய்தான் உருண்டு விழுந்தது. கடைசி மடிப்பை உள்ளே திருப்பி ஒட்டியிருந்தது. நம் ஆமத்தூர் வெடிக் குழாய் ஷெட்டில் அப்படிச் சுற்றுகிற ஆள் நீ ஒருத்திதான். அதற்குப் பிறகுதான் தாளை விரித்தேன். ஐந்து நாளாக உன் கை என் மேஜை மேல் கிடக்கிறது. எடுத்து உள்ளே வைக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

'கதவு இடுக்கு' என்று எனக்கே எழுதியிருக்கிறாய். அந்தக் கதவு நான்தான். நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும், நான் சொல்லாவிட்டாலும் உனக்குத் தெரியும். கரண்ட் போயிருந்தது. குழாய் வெட்டும் மெஷினில் சிக்கியதை எடுக்க நீ உள்ளே கை விட்டிருந்தாய். நான் வெளியே லோடு ஏற்றிவிட்டு உள்ளே வந்தேன். இருட்டு. கரண்ட் வந்திருக்கும் என்று நினைத்து, பல்பு போடச் சுவரில் தடவினேன். பல்பு ஸ்விட்சும் மெஷின் ஸ்விட்சும் ஒரே பலகையில், பக்கத்துப் பக்கத்தில். என் உள்ளங்கை இரண்டின் மேலும் பட்டது. பல்பு எரிந்தது, பிளேடு ஓடியது, இரண்டும் ஒன்றாக.

உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான். 'எப்படி ஏற்பட்டது, உடன் வந்தவர் பெயர்' என்று சீட்டு எழுதுகிறவர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சூப்பர்வைசர் லட்சுமிகாந்தம் என் தோளை அழுத்தி, "கதவு இடுக்குன்னு சொல்லுலே. மிஷினுன்னு சொன்னா ஷெட்டை மூடிருவாக. அம்புட்டுப் பேரு சோறும் போயிரும்" என்றார். அதை மட்டும் சொன்னேன். என் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். வீட்டில் அம்மாவிடமும் அதையே சொன்னோம். ஒரு வாரத்தில் நான் பஸ் ஏறிவிட்டேன்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அம்மாவிடம் போனில் பேசும்போது உன்னைப் பற்றிக் கேட்க மாட்டேன். கேட்டால் போனை உன்னிடம் கொடுத்துவிடுவாள் என்ற பயம்.

இங்கே என் மெஷினுக்கு இரண்டு பட்டன் வைத்திருக்கிறேன். இரண்டு கையாலும் சேர்ந்து அழுத்தினால்தான் ஓடும். பக்கத்தில் யாரையும் நிற்க விடுவதில்லை. பார்சல் கட்டும் கற்பகவல்லி அக்கா கூட வாசலில் நின்றுதான் பேசுவார். இந்தக் கைக்கு நான் துளை போட மாட்டேன் மீனா. சென்னையில் என்னைவிட நல்ல ஆள் ஒருவர் இருக்கிறார். முகவரியைத் தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன். வரைபடத்தையும் குழாய்களையும் திருப்பி அனுப்புகிறேன்.

காளிராஜ்


ஆமத்தூர்,
17 ஜூன் 2025

அண்ணே,

உன் கடிதத்தை மையத்தில் ஷூ அலமாரிக்குப் பின்னால் நின்று படித்தேன். ஒரு அம்மா ஆறாம் நம்பர் கேட்டார், எட்டாம் நம்பரைக் கொடுத்துவிட்டேன். அவரும் போட்டுக்கொண்டு போய் ஒரு ஆட்டம் ஆடிவிட்டார். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி அன்றைக்கு இங்கே இல்லை.

முதலில் உன் மேல் எனக்கு இருந்த கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. என் கையைப் பார்க்க உனக்கு அருவருப்பு, அதனால்தான் ஓடிப்போனாய் என்று நினைத்தேன். கட்டுப் பிரித்த அன்று நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதை நான் மறக்கவில்லை. என் கல்யாணத்துக்கும் நீ வரவில்லை. போன மாதம் இணையத்தில் பந்து தேடும்போது உன் வீடியோ வந்தது. முகம் இல்லை, கை மட்டும். இடது பெருவிரலில் நம் வீட்டு அரிவாள்மனைத் தழும்பு. உன் பெயர் போட்டு, தங்கை என்று எழுதினால் பதிலே வராது என்று தெரியும். அதனால்தான் என் வீட்டுக்காரர் இனிஷியலோடு 'பா. மீனா' ஆனேன். என் கையைத் தாளில் வரைந்து உன் மேஜைக்கே அனுப்பினேன். இப்போது திருப்பு பார்க்கலாம் முகத்தை என்று.

இனி நீ சொன்ன கதைக்கு வருகிறேன். கரண்ட் போனால் பிளேடுக்கு முன்னால் இருக்கிற ஆள்தான் மெஷின் ஸ்விட்சை அணைக்க வேண்டும், ஷெட்டில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது அது. யார் அணைத்தோம்? எத்தனை வெட்டுகிறோமோ அத்தனைக்குக் கூலி. கரண்ட் வந்ததும் ஒரு நிமிடம் கூட வீணாகக் கூடாது என்று ஸ்விட்சை அப்படியே விட்டுவிடுவோம். அன்றைக்கும் விட்டிருந்தேன். அணைக்காமல் விட்டவள் நான், அப்படியே உள்ளே கையை விட்டவளும் நான். நீ பலகையைத் தடவாமல் வாசலில் நின்று கொட்டாவி விட்டிருந்தாலும் அந்த பிளேடு ஓடியிருக்கும். கரண்ட் வந்தது அண்ணே, அவ்வளவுதான்.

நம்ப மாட்டாய், தெரியும். உனக்கு நினைவிருக்கிறதா, பல்பு எரிந்த அதே நொடியில் எதிர்த்த டீக்கடையில் ரேடியோ பாட ஆரம்பித்தது. என் அலறல் கேட்டு டீக்கடைக்காரர் அதை அணைத்துவிட்டுத்தான் ஓடி வந்தார். டீக்கடை ரேடியோவையும் நீதான் போட்டாயா?

நீ இப்படி ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஊருக்குச் சொன்ன பொய்யை வீட்டுக்குள்ளும் சொன்னோம், பிறகு நமக்குள்ளேயும் வேறு பேச்சு இல்லாமல் போய்விட்டது. உண்மையைப் பேசியிருந்தால் அன்று சாயங்காலமே முடிந்திருக்கும்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய்ப் பின்வாசல் கதவைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "ஏட்டி, அப்ப கதவு ஒண்ணும் செய்யலையா?" என்றாள். உனக்குத் தெரியாது, பின்வாசல் கதவின் விளிம்பு முழுவதும் சாக்கைச் சுற்றித் தைத்து வைத்திருக்கிறாள். இன்னொரு பிள்ளை விரல் மாட்டக் கூடாது என்று. வருடத்துக்கு ஒரு சாக்கு மாற்றுவாள். இது வரை பன்னிரண்டு சாக்கு.

வரைபடத்தையும் குழாய்களையும் மறுபடி இதோடு வைத்திருக்கிறேன். சென்னை ஆளின் முகவரியைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

மீனா


பெங்களூரு,
25 ஜூன் 2025

மீனா,

ரேடியோ பாடியது. ஆமாம். ஏதோ பல்பொடி விளம்பரம். பன்னிரண்டு வருடமாக அந்த விளம்பரம் காதில் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன். அது ஏன் அந்த நொடியில் பாடியது என்று ஒரு நாள் கூட யோசித்ததில்லை. நான் என்ன அவ்வளவு மண்டூகமா?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. "டீக்கடை ரேடியோவையும் நீதான் போட்டாயா?" அழுகையும் கூடவே வந்தது. கற்பகவல்லி அக்கா பதறிப்போய், "என்னப்பா, ஊர்ல யாருக்கும் ஏதாவதா?" என்று கேட்டார். "இல்லக்கா, யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல" என்றேன். அதைச் சொல்லும்போதே நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. லோடு இறக்கிய பிறகு முதுகு கொஞ்ச நேரம் மிதக்குமே, அது மாதிரி இருந்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கட்டுப் பிரித்த அன்று முகத்தைத் திருப்பியது அருவருப்பால் இல்லை. நான் செய்தது என்று நினைத்ததைக் கண்ணால் பார்க்கத் தைரியம் வரவில்லை. நீ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு இவ்வளவு நாள் இருந்திருக்கிறாய். இதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஸ்விட்சுக்கு இல்லை, முகத்துக்கு.

முந்தாநாள் அக்காவை உள்ளே கூப்பிட்டு மெஷினுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, துளை எப்படிச் சாய்கிறது என்று காட்டினேன். நாலு வருடத்தில் முதல் தடவை. இரண்டு பட்டனை மட்டும் எடுக்க மாட்டேன், அது நல்லதுதான்.

இனி வேலைப் பேச்சு. குழாய்க்குள் பசை ஈரத்திலேயே விரலை விட்டுப் பார்த்திருக்கிறாய், கழுதை. காய்ந்ததும் சுருங்கியிருக்கிறது. நீ வரைந்த கட்டைவிரல் தடிமன் ஒன்று சொல்கிறது, குழாய் வேறு சொல்கிறது. வெடிக் குழாய் தெரியாத ஆளிடம் போயிருந்தால் உன் கட்டைவிரல் துளைக்குள் மாட்டி, பந்தோடு சேர்ந்து நீயும் பாதையில் போயிருப்பாய். நான் அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறேன்.

மோதிர விரலுக்குத் துளையே வேண்டாம் என்பது என் யோசனை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும். நிறையப் பேர் அப்படி ஆடுகிறார்கள். அந்த விரலுக்கு எந்த வேலையும் வராது, வலிக்காது. என்ன சொல்கிறாய்?

காளி


ஆமத்தூர்,
1 ஜூலை 2025

அண்ணே,

வேண்டாம். மோதிர விரலுக்குத்தான் துளை வேண்டும்.

பன்னிரண்டு வருடமாக அந்த விரலுக்கு வேலை கொடுக்காமல் எல்லோரும் பார்த்துக்கொண்டாயிற்று. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் அம்மா வாங்கிக்கொள்வாள். மாவு பிசைந்தால் என் வீட்டுக்காரர் தட்டைப் பிடுங்கிக்கொள்வார். மையத்தில்தான் யாருக்கும் தெரியாது. அங்கேதான் அது எட்டு மாதமாக முண்டிக்கொண்டு பந்தைப் பிடிக்கப் பார்க்கிறது. பிடிக்கிற அளவுக்கு ஒரு துளை போட்டுக் கொடு, போதும்.

வலிக்காது. வலித்தால் சொல்கிறேன். இந்தத் தடவை கதவு என்று சொல்ல மாட்டேன்.

அம்மா கேட்கச் சொன்னாள்: அங்கே சோறு கிடைக்கிறதா, இல்லை இன்னும் ரொட்டிதானா?

மீனா


பெங்களூரு,
13 ஜூலை 2025

மீனா,

போட்டுவிட்டேன்.

மூன்று துளையில் மோதிர விரல் துளைதான் எனக்கு இரண்டு நாள் வாங்கியது. நடுவிரல் துளையில் பாதி ஆழம்தான். உன் விரல் முனை அடியைத் தொட வேண்டும், தொட்டால்தான் பிடிமானம் இருக்கிறது என்று விரலுக்கே தெரியும். துளையை உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் சாய்த்திருக்கிறேன், அதனால் பந்து நழுவாமல் விரலில் தொங்கும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து என் விரல்தான் தேய்ந்தது. உன் கை வரைபடத்தை மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்துவிட்டுத்தான் வேலை பார்த்தேன். இப்போது பார்க்க முடிகிறது.

கட்டைவிரல் துளையை வேண்டுமென்றே இறுக்கமாக விட்டிருக்கிறேன். அதை முடிக்கிற அளவு தாளிலும் வராது, குழாயிலும் வராது. ஆளை எதிரில் உட்கார வைத்து, விரலை விட்டு எடுக்கச் சொல்லி, கொஞ்சம் தேய்த்து, மறுபடி விடச் சொல்லி, அப்படித்தான் முடிக்க வேண்டும். வெளியூர்க்காரர்களிடம் "உங்கள் ஊரில் பக்கத்துக் கடையில் முடித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி அனுப்பிவிடுவேன். விருதுநகரில் அப்படிக் கடை எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

அதனால் கேட்கிறேன். பார்சலில் அனுப்பட்டுமா? அல்லது கொண்டு வரட்டுமா? வந்தால் எந்த முகத்தோடு வாசலில் நிற்பது என்று தெரியவில்லை. ஊரில் நாலு பேர் ஏன் போனாய், ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். அம்மா என்ன சொல்வாளோ. பந்து பெட்டியில் இருக்கிறது. முகவரிச் சீட்டு இன்னும் ஒட்டவில்லை. நீ சொல்வதுபோல் செய்கிறேன்.

காளி


ஆமத்தூர்,
20 ஜூலை 2025

அண்ணே,

அம்மா என்ன சொல்வாளோ என்று கேட்டிருந்தாய். நேற்று காலையில் சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். பின்வாசலில் உட்கார்ந்து அரிவாள்மனையால் சாக்குத் தையலை அறுத்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றேன். "கதவு பாவம்ட்டி. செய்யாத தப்புக்கு எம்புட்டு நாளு கட்டிப் போட்டு வச்சிருக்கேன்" என்றாள். கடைசி வரை அறுத்து எடுத்து, தூசியைத் தட்டி மடித்து வைத்துவிட்டாள். இப்போது அந்தக் கதவு காற்றடித்தால் படார் படார் என்று சாத்துகிறது. தெருவே திடுக்கிடுகிறது. அம்மா மட்டும் சிரிக்கிறாள். உன்னைப் பற்றி இதைவிடத் தெளிவாக அவள் எதுவும் சொல்லப் போவதில்லை.

நாலு பேர் கேட்டால், பந்து கொண்டு வந்தேன் என்று சொல். என்ன பந்து என்று கேட்பார்கள். தூக்கிப் பார்க்கச் சொல். பதினொரு பவுண்டைத் தூக்கிய பிறகு ஊர்க் கதை பேச யாருக்கும் மூச்சு இருக்காது.

நேற்று கோயம்புத்தூர் போட்டிக்கான படிவம் வந்தது. முத்துக்கருப்பன் சார் மேஜையில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். அதிலும் அதே கேள்வி இருந்தது. கையில் காயம் உண்டா, எப்படி ஏற்பட்டது? பேனா பழக்கத்தில் 'கத' வரைக்கும் போய்விட்டது. அடித்துவிட்டு எழுதினேன்: "குழாய் வெட்டும் மெஷினில். கரண்ட் போனபோது ஸ்விட்சை அணைக்கவில்லை." எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தினேன். யாரும் வந்து தோளை அழுத்தவில்லை. சார் படித்துவிட்டு, "அப்படியாம்மா" என்றார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது.

அதற்குக் கீழே இன்னொரு இடம் இருந்தது. 'உடன் வருபவர்' என்று. ஆஸ்பத்திரிச் சீட்டில் கோடு போட்டார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு கட்டம். உன்னைக் கேட்காமலேயே எழுதிவிட்டேன்.

காளிராஜ், அண்ணன்.

படிவம் போய்விட்டது. இனி மாற்ற முடியாதாம். பந்தை நீயே தூக்கிக்கொண்டு வா.

மீனா